ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது

எங்கள் அலுவலகத்தில் வெற்றிக்கு ஒரு மேசை, தோல்விக்கு நான்கு மேசை. நான் தோல்விப் பிரிவில் தட்டச்சராக இருந்தேன். பெயர் சாம்பசிவன். அலுவலகத்தின் பெயர் தென்மண்டல விளையாட்டு மேம்பாட்டுச் சபை. தம்பானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. ரூம் கேட்டு மாடியேறி வந்தவர்களில் சிலர் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனதும் உண்டு.

நான் சொல்வது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கதை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாநில அளவில் விளையாடியவர்களுக்குக் கடைநிலை வேலைகளில் கூடுதல் மதிப்பெண் உண்டு, தோற்றவர்களுக்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் தோற்றவர்களின் சான்றிதழில் 'தோல்வியின் தன்மை' குறிக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. புத்தியுள்ள யாரும் எத்தனைக்கு எத்தனை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். எங்கள் செயலாளர் கைமள் சார் அப்படிப்பட்டவர் அல்ல. கடிதம் வந்த வாரமே ஒரு கூட்டம் போட்டார். ஆங்கிலமும் மலையாளமுமாகப் பேசினார். நான் சுருக்கெழுத்தில் எடுத்ததைத் தமிழில் தருகிறேன்.

"ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பை போதும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்கு நாம் எதற்கு? தோற்றவனுக்குத்தான் ஆபீஸ் வேண்டும். இந்த மாநிலத்தில் தினமும் எத்தனை பேர் தோற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய வளத்தை நாம் இதுவரை தொடவே இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தோல்வியின் தன்மையை எண்ணால் எழுதுவது கௌரவமில்லை, ஒரு சொல்லால் எழுத வேண்டும், அந்தச் சொல் ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு ஓர் அறிஞர் வேண்டுமே. கரமனை அக்ரஹாரத்தில் பேராசிரியர் ஸ்ரீகண்டன் இருந்தார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கிரிக்கெட் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் யாரும் அதை ஒரு காரியமாக மதிக்கவில்லை. சபை மதித்தது.

மூன்று மாதத்தில் பட்டியல் தயாரானது. பதினேழு சொற்கள். லிக்கிங், ஹைடிங், த்ராஷிங், ட்ரப்பிங், ஹேமரிங், வாலப்பிங், பேஸ்டிங், ட்ரௌன்சிங், கிளாபரிங் என்று போகும். ஒருவன் இத்தனை விதமாக அடி வாங்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம், எத்தனை மதிப்பெண் என்று எதிரே போட்டிருந்தார். இந்தக் கதைக்கு மூன்று சொற்கள் போதும். நாற்பது புள்ளிக்கு மேல் தோற்றிருந்தால், எதிர்த்து நின்று தோற்றதற்கு ட்ரப்பிங், நான்கு மதிப்பெண். எதிர்த்தார்களா என்று தெரியாவிட்டால் த்ராஷிங், இரண்டு. எதிர்க்காமலே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் ஹைடிங், பூஜ்யம்.

தெற்கு எல்லைத் தாலுக்காக்களில் தமிழர்கள் இருப்பதால் தமிழிலும் ஒரு பட்டியல் வேண்டுமென்று யாரோ சொல்ல, அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. சாத்து, மொத்து, வெளு வெளுவென்று வெளுத்தல், துவைத்துக் காயப்போடுதல், பிளந்து கட்டுதல், பின்னியெடுத்தல், நொங்கெடுத்தல், தர்ம அடி என்று ஒரே மூச்சில் இருபத்தாறு சொற்கள் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டுக் காகிதத்தை விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

"என்ன சாம்பு இது, தெருவில பேசறதெல்லாம் ஆபீஸ் பேப்பர்ல எழுதியிருக்கே."

அவருடைய அகராதியையே எடுத்து, அவருடைய பதினேழு சொற்களுக்கும் எதிரே 'பேச்சு வழக்கு' என்று போட்டிருப்பதைக் காட்டினேன். அவையும் அங்கே தெருவில் பேசுவதுதான் என்றேன். அவர் சிரித்தார். "இங்கிலீஷ்ல தெருவும் நன்னா இருக்கும்டா" என்றார். என் பட்டியல் குப்பைக்கூடைக்குப் போயிற்று. தமிழில் பதினேழுக்கும் பொதுவாக 'அடி' என்று ஒரே சொல்லைப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ராகேல் வந்து மாட்டிக்கொண்டாள்.

அவள் வெள்ளறடைப் பக்கம். செங்கல் சூளையில் வேலை. மழை பிடித்தால் சூளை அணைந்துவிடும், பாதி வருஷம் வேலை இராது. பள்ளிக்கூடங்களில் மணியடிக்கிற கடைநிலை வேலைக்குப் பரீட்சை எழுதி, பட்டியலில் இடம் பிடிக்க மூன்று மதிப்பெண் குறைந்து நின்றாள். தொண்ணூற்று மூன்றில் மாநிலப் பெண்கள் கபடியில் ஆடியிருந்தாள். அவர்கள் தாலுக்காவில் வேறு பெண்கள் அணியே இல்லாததால் இவர்கள் யாரையும் ஜெயிக்காமல் நேராக மாநிலத்துக்குப் போய், முதல் ஆட்டத்தில் வடக்கேயிருந்து வந்த அணியிடம் ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது என்று தோற்றுத் திரும்பியவர்கள். நடுவர் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள்.

சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தோல்வியின் தன்மை எங்கே என்று கேட்டேன். அவள் எண்ணைக் காட்டினாள். அது எண், தன்மை அல்ல என்று விளக்கினேன். பட்டியலைக் கொடுத்தேன். அவள் தமிழ்ப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். பதினேழு அடி.

"இதுல எது சாரே எங்களுக்குக் கிட்டினது?"

அதைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும் என்றேன். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றாள். அப்போது செப்டம்பர். நிறைய நாள் இருக்கிறதே என்று அவளிடம் மனதாரச் சொன்னேன். எட்டு வருஷ சர்வீஸ் இருந்தும் நான் அப்படிச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கமிட்டியில் மூன்று பேர். கைமள் சார், பேராசிரியர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர். முதல் விசாரணைக்குக் காலை பத்தரைக்கு வரச் சொல்லி மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். வித்தியாசம் நாற்பத்து மூன்று என்பதில் தகராறு இல்லை. எதிர்த்து நின்றார்களா என்பதுதான் கேள்வி. பேராசிரியர் கேட்டார்.

"நிக்காம பின்னே?" என்றாள் ராகேல். "நிண்ணதுனாலதானே சாரே அடி கிட்டிச்சு. ஓடியிருந்தா கிட்டியிருக்காதுல்லா."

பேராசிரியருக்கு இது பிடித்திருந்தது. ட்ரப்பிங்தான் என்றார். மேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. நிற்பது எதிர்ப்பு ஆகாது, சுவர்கூடத்தான் நிற்கிறது என்றார். இருவரும் ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். ட்ரப்பிங் என்ற சொல்லில் அடிக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் ஒரு பரஸ்பர மரியாதை இருக்கிறது என்பது பேராசிரியரின் கட்சி. தன் வாழ்நாளில் அவர் யாரிடமும் அடி வாங்கியவர் அல்ல. பருப்பு வடை வந்ததும் விசாரணையை ஒத்திவைத்தார்கள். ராகேல் சுவரோரமாக நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு, எதிர்த்ததற்கான உடல் சான்று கொண்டுவரும்படி நோட்டீஸ் அனுப்பினோம். நான்தான் அடித்தேன். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது, அந்த ஆட்டத்தில் பட்டது என்றாள். மேஜர் என் மேசையிலிருந்து அடிக்கோலை வாங்கிப் போய் அளந்தார். ஐந்தரை சென்டிமீட்டர். பிறகு, சூளையில் வேலை செய்கிற ஒருத்தியின் காலில் இருக்கும் தழும்பு கபடியில்தான் வந்தது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். அவள் உடம்பில் வேறு எங்கெல்லாம் தழும்பு உண்டு, அவை எப்படி வந்தன என்று ஒரு பட்டியல் கொடுத்தால் கழித்துப் பார்க்கலாம் என்று கைமள் சார் யோசனை சொன்னார். அவளுக்கு உதவுவதாகவே அவர் நினைத்தார். ராகேல் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் கணக்கு தன்னிடம் இல்லை என்று சொன்னாள்.

மூன்றாவது விசாரணை நவம்பர் கடைசியில். அதில்தான் பேராசிரியருக்கு அந்த யோசனை உதித்தது. உண்மையான எதுவும் திரும்பச் செய்தாலும் அதே பலனைத் தர வேண்டும், விஞ்ஞானத்தில் அப்படித்தான் என்றார். தோல்வி உண்மையானால் திரும்பவும் தோற்க முடியும். கமிட்டி கண்ணால் பார்த்துத் தன்மையைத் தீர்மானிக்கலாம். மேஜர்கூட எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். 'தோல்விச் சரிபார்ப்பு விதிகள்' என்று நான்கு பக்கம் அன்று மாலையே அடித்தேன். சாரம் இதுதான்: அதே அணி மறுபடி ஆட வேண்டும், அதே ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது வர வேண்டும். மாறினால் பழைய சீட்டு பொய் என்று கருதப்பட்டு, பொய் ஆவணம் தாக்கல் செய்ததற்கு நடவடிக்கை உண்டு.

வடக்கு அணியை வரவழைக்கப் பயணப்படி அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே சபையின் பெண் ஊழியர்கள் எதிரணியாக ஆடலாம் என்று கைமள் சார் தீர்த்துவைத்தார். ஊழியர்கள் ஐந்து பேர். பெருக்குகிறவளையும், டைப் படிக்க வந்துகொண்டிருந்த கைமள் சாரின் மருமகளையும் சேர்த்து ஏழாக்கினோம். தலைவி அம்மிணி சேச்சி. தபால் பிரிவு, ஐம்பது வயது, ரத்தக்கொதிப்பு. கபடியை அவர் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை.

ராகேலின் பழைய அணியில் ஒருத்தி குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள், ஒருத்தி நிறைமாதம். மற்றவர்களைத் தேடிப்பிடித்து, அந்த இருவருக்குப் பதில் அவர்களுடைய தங்கச்சிமாரைக் கமிட்டியின் அனுமதியோடு சேர்த்து ஏழு பேரைக் கூட்டி வந்தாள். அவர்களில் தாசம்மாள் என்பவள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறாள். ராகேலோடு அதே சூளையில் கல் சுமக்கிறவள், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டுக்காரி. அகன்ற கை. பிடியாட்டக்காரி. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு களி உண்டு, வந்து களிச்சா மதி, அதாவது ஓர் ஆட்டம் இருக்கிறது, வந்து ஆடினால் போதும் என்று மட்டும்தான் ராகேல் அவர்களிடம் சொல்லியிருந்தாள். தோற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர்கள் எப்போதும் தோற்றவர்கள்தானே.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பந்தல், நாற்காலி, ஆங்கிலத்தில் ஒரு பேனர். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தோல்வியைச் சரிபார்க்கும் ஒரு விழா இந்தியாவிலேயே இதுதான் முதல் முறை என்று கைமள் சார் பேசினார். எனக்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியும் போட்டிருந்தார்கள். புள்ளிகளை உடனுக்குடன் மூன்று பிரதிகளில் அடிக்க வேண்டும்.

ஆட்டம் ஆரம்பித்தது. அம்மிணி சேச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு, 'கபடி கபடி' என்று நிறுத்தி நிறுத்தி, பெயர் கூப்பிடுவது போலச் சொல்லிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார். தாசம்மாள் ஒரே எட்டில் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கி, தண்ணீர்க் குடத்தை இறக்குவது போல மெல்லத் தரையில் வைத்தாள். ஒரு புள்ளி. பிறகு ராகேல் போனாள், கையை நீட்டிய பக்கமெல்லாம் எங்கள் ஊழியர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று புள்ளி. எட்டு நிமிஷத்தில் ஒன்பதுக்குப் பூஜ்யம். சூளைப் பெண்கள் தங்களை மறந்துவிட்டார்கள். தாசம்மாள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு அவ்வளவு சின்னப் பிள்ளைச் சிரிப்பு.

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "சாம்பு, ஒன்பது ஆயிடுத்து. நிறுத்தச் சொல்லு" என்றார். அவர்களுக்கு ஒதுக்கிய புள்ளிகள் தீர்ந்துவிட்டன. விசில் ஊதினோம். கைமள் சார் ராகேலைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. உண்மையில் மிகவும் கனிவாகப் பேசினார்.

"மோளே, நீ ஜெயிச்சா அன்னைக்குத் தோத்தது பொய்னு வரும். பொய் சீட்டுக்கு போலீஸ் கேஸ் உண்டு. வேலயும் போகும், மானமும் போகும். நான் உனக்கு வேண்டித்தானே பறயறேன். போயி நல்ல குட்டியாத் தோத்துட்டு வா."

ராகேல் தன் ஆட்களிடம் போனாள். அவர்கள் என் மேசைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். இனி ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது, ஐம்பத்திரண்டு கொடுக்க வேண்டும். மற்றவர்கள் டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டார்கள். தாசம்மாள் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எட்டி, நான் பள்ளிக்கூடத்துல தோத்தேன். கெட்டினவன்கிட்ட தோத்தேன். சூளையில தெனமும் தோக்குதேன். ஒருக்க ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போறேன். என்னைய விடு."

"எனக்க வேல போவும், தாசம்மா."

தாசம்மாள் எதிரணியைப் பார்த்தாள். அம்மிணி சேச்சி மூச்சு வாங்கிக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவள், "செரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தன் இடத்தில் நின்றாள்.

தோற்பது அத்தனை சுலபமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊழியர்கள் தொட வந்து தொடாமல் போனார்கள், பாட்டை மறந்தார்கள், கோட்டை மறந்தார்கள். ராகேலின் ஆட்கள் அவர்களுடைய கை எட்டுகிற தூரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு வகுத்த நேரம் போதவில்லை, இன்னும் பாதி கூட்டினோம். அதுவும் போதாமல் மறுபடி கூட்டினோம். இடையில் டீ வந்தது. அம்மிணி சேச்சி ஒவ்வொரு தரம் தாசம்மாளைத் தொட்டபோதும் "சாரி மோளே" என்றார். பதினைந்து புள்ளிவரைக்கும் சொன்னார். இருபதுக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார். முப்பதைத் தாண்டியபோது அவருக்கும் மற்றவர்களுக்கும் தாங்கள் நன்றாக ஆடுவதாக நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். கைமள் சாரின் மருமகள் துள்ளிக் குதித்தாள். எங்கள் அணியில் ஆடிய சூப்பரிண்டெண்ட் சேச்சி, அசையாமல் நின்ற ராகேலின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, புள்ளி கேட்டு என் பக்கம் திரும்பினார். நான் அடித்தேன். திங்கட்கிழமை காலை அந்த ஏழு பேரில் ஐந்து பேர் வெற்றி மேசைக்குப் போய், மாநில அணிக்கு நிகரான அணியை ஜெயித்ததற்காக ஒரு இன்கிரிமெண்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள். அதில் இரண்டு பேருக்குக் கிடைத்தும்விட்டது.

முப்பத்தெட்டாவது புள்ளியில் தாசம்மாள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லை, முகத்தையும் துடைக்கவில்லை. தொடுகிறவர்கள் தொட, வெளியே போய் உட்கார்ந்து, மறுபடி வந்து நின்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றிரண்டு தரம் விரல் தப்பிப் பக்கத்து எழுத்தில் விழுந்தது. ரப்பர் வைத்து அழித்துத் திருத்தினேன்.

ஐம்பத்திரண்டு ஆனபோது மணி நாலரை. கமிட்டி பந்தலுக்குள் கூடியது. எண் சரியாக வந்துவிட்டது என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தன்மை? பேராசிரியர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஒன்பதாவது புள்ளிக்குப் பிறகு எதிர்ப்பு என்று எதையும் தான் காணவில்லை, மனசாட்சிப்படி இது ஹைடிங்தான் என்றார். ஹைடிங்குக்குப் பூஜ்யம். எதிர்க்க வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ராகேல் கேட்டாள். அது நிர்வாக ஆலோசனை, இது கல்விசார் முடிவு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று கைமள் சார் விளக்கினார். ராகேல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மேஜர்தான் கையைத் தூக்கினார். நாலாம் நம்பர் பெண் அழுதாளே, கவனித்தீர்களா என்றார். பட்டாளத்தில் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன், எதிர்க்காதவன் அழமாட்டான், உள்ளுக்குள் எதிர்ப்பு இருக்கிறவனுக்குத்தான் அழுகை வரும் என்றார். பேராசிரியர் கண்ணை மூடி யோசித்தார். நோட்டைப் புரட்டி, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் செய்தி ஒன்றைப் பார்த்தார். கண்ணீரை எதிர்ப்பின் சான்றாகக் கொள்ளலாம் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. ட்ரப்பிங். நான்கு மதிப்பெண்.

ஆனால் கண்ணீருக்கு ஆவணம் வேண்டுமே. 'எதிரணியின் மேலான ஆட்டத்தால் தோல்வியுற்று, அதன் காரணமாகவே நான் அழுதேன்' என்று ஒரு வாக்குமூலம், கைமள் சார் சொல்லச் சொல்ல அடித்தேன். நாலாம் நம்பர் கையெழுத்துப் போட வேண்டும். தாசம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ராகேல் அவள் பக்கத்தில் நின்றாள். வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இவியகிட்ட தோத்ததுக்கு நான் கரையல்ல சாரே" என்றாள் தாசம்மாள். "இவ தோக்கச் சொன்னதுக்குத்தான் கரைஞ்சேன். அத எழுதுவியளா?"

பேப்பரில் அதற்கு இடம் இல்லை என்றேன். அதைத்தான் சொன்னேன். என் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒரு கட்டு இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ராகேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாசம்மாள் அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, மேசையில் கையை ஊன்றி, தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினாள். நான் அதன்மேல் முத்திரை குத்தினேன். கமிட்டி மூவரும் அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள். கைமள் சார் அதை ராகேலின் கையில் கொடுத்தபோது போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த ஜூனில் ராகேலுக்கு வேலை கிடைத்தது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்போதும் மணி அடிக்கிறாள் என்று கேள்வி. அவளுக்கு அது கிடைக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று மாலை நானும் பஸ்ஸுக்காகத் தம்பானூருக்கு வந்தேன். சூளைப் பெண்கள் ஏழு பேரும் வெள்ளறடை பஸ் நிற்குமிடத்தில் நின்றார்கள். ராகேல் ஒரு பொதி நேந்திரங்காய் உப்பேரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். தாசம்மாளும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. பஸ் வந்தது. சனிக்கிழமைக்குக் கூட்டம் குறைவு. ராகேல் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் சான்றிதழ் உறையை வைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். மற்ற ஐந்து பேரும் ஏறினார்கள். தாசம்மாள், பின்னால் வருகிற வண்டியில் வருவதாகக் கையைக் காட்டினாள்.

பின்னால் அன்று வண்டி கிடையாது. அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.